எழுபது வளைவுகள்

கொல்லிமலையில் குடியிருக்கிறேன் என்று சொன்னதும் கீழே உள்ள நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எழுபது கொண்டை ஊசி வளைவாமே, தலை சுற்றாதா?" காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நின்றுகொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதை எண்ணிக்கொண்டே வருவார்கள். பதினோரு ஆண்டுகளாக இங்கே அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கும் எனக்கு அந்த வளைவுகள் வீட்டுத் திண்ணையின் படிகளைப் போலப் பழகிப்போனவை. பேருந்தின் சன்னலோரத்தில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டால் இரண்டு வளைவுகளுக்குத்தான் விழிப்பு வரும், முதலாவதற்கும் கடைசிக்கும்.

ஒரே ஓர் இரவில் மட்டும் எழுபதையும் எண்ணியிருக்கிறேன். மேலிருந்து கீழாக, ஒன்றைக்கூட விடாமல். அந்த இரவைப் பற்றியும் அதற்கு முன்பிருந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நோயைப் பற்றி எழுதுவது ஒரு வகையில் தன்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வதுதான் என்ற கூச்சம் தடுத்துவந்தது. இப்போது எழுதுவதற்குக் காரணம் என் வலி அல்ல. அது கடைசியில் வரும்.

முதல் வலி ஓரி விழா அன்று வந்தது. ஆடி பதினெட்டை ஒட்டிச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுப்பார்கள். அறப்பளீஸ்வரர் கோயிலிலும் ஆகாய கங்கையிலும் கூட்டம் அலைமோதும். எங்கள் வீட்டுக்கும் கீழிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். மதியம் ஆட்டுக்கறிக் குழம்பு, இரவுக்கும் அதே குழம்பு. பதினொரு மணி இருக்கும், வலது விலாவுக்குக் கீழே ஏதோ ஒன்று முறுக்கத் தொடங்கியது. சற்று நேரத்தில் அது உடலை ஊடுருவிக்கொண்டு போய் முதுகில், வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில் நின்றது. உட்கார்ந்தாலும் படுத்தாலும் குனிந்தாலும் அது தன் இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, வந்ததைப் போலவே சொல்லாமல் போயிற்று.

ஓரியைப் பற்றிப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். அந்த வேட்டையை வகுப்பில் எத்தனையோ முறை கதையாகச் சொல்லியிருக்கிறேன். முன்னால் புகுந்து பின்னால் நிற்கும் அம்பு எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் என் மனைவி கேட்டாள். "ஏங்க, கீழே போய் ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமா?"

"வாயுதான். நேத்து ராத்திரி கறி அதிகமாப் போச்சு" என்றேன்.

இந்த ஒற்றைச் சொல்லில் இரண்டு ஆண்டுகளை ஓட்டினேன்.

* * *

நம் மொழியில் வயிற்றுக்கு மேலே எது வலித்தாலும் அதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது. வாயு, அஜீரணம், சூடு, இவை எதுவும் பொருந்தாவிட்டால் பித்தம். பித்தம் என்ற சொல்லின் தாராளத்தை என்னவென்பது! காலையில் தலை சுற்றினால் பித்தம், மஞ்சளாக வாந்தி எடுத்தால் பித்தம், பாதத்தில் வெடிப்பு வந்தால் பித்தவெடிப்பு, இளநரை வந்தால் பித்தநரை, அறிவு தடுமாறினால் பித்துப் பிடித்தவன். சிவபெருமானுக்கே பித்தன் என்று பெயர். இத்தனை பொருள்களைத் தாங்கும் ஒரு சொல்லில், கல்லீரலுக்கு அடியில் பேரிக்காய் வடிவில் தொங்கும் ஒரு சிறிய பச்சைப் பை மறைந்துபோனதில் வியப்பில்லை.

இதில் என் வெட்கம் இரட்டிப்பு. ஆண்டுதோறும் கரும்பலகையில் அந்தப் பையைப் பச்சைச் சுண்ணாம்புக் கட்டியால் வரைகிறவன் நான். "கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை அதைச் சேமித்து அடர்த்தியாக்குகிறது. கொழுப்பு உணவு சிறுகுடலை அடைந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றுகிறது" என்று மூச்சுவிடாமல் சொல்லுவேன். கறிக்குழம்பு சாப்பிட்ட இரவில், வலது விலாவுக்குக் கீழே, சுருங்கும் ஒன்றின் முறுக்கலாக அந்த வலி வந்தபோது, வரைபடத்துக்கும் எனக்கும் தொடர்பு இருப்பதாகவே தோன்றவில்லை. பாடம் மாணவர்களுக்கு உரியது, வாயு எனக்கு உரியது.

வலி மாதத்துக்கு ஒருமுறை வந்தது. பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை. சுக்கு, ஓமம், பெருங்காயம் கலந்த மோர், பூண்டு வதக்கிய பால் என்று எல்லாம் ஆயிற்று. மருந்துக்கடையில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அட்டை அட்டையாக வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். மாத்திரை போட்ட பிறகு வலி நின்றது உண்மைதான். போடாமலிருந்தாலும் அது அந்த நேரத்தில் நின்றிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. கல் பித்தப்பையின் வாயில் வந்து அடைக்கும்போது வலி. நகர்ந்து உள்ளே விழுந்துவிட்டால் நிம்மதி. இடையில் வேலை செய்ததாக நான் நினைத்த மாத்திரைக்கு அந்தக் கல் இருப்பதே தெரியாது.

ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு கலந்து இரவில் குடித்தால் காலையில் கற்கள் பச்சைப் பச்சையாக வெளியே வந்துவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். குடித்தேன். உண்மையிலேயே பச்சை உருண்டைகள் வந்தன. அவை கற்களே அல்ல என்று பின்னால் மருத்துவர் விளக்கினார். குடித்த எண்ணெயே குடலில் சோப்பாகத் திரண்டு வெளியேறுகிறது. இதை ஆய்வகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு ஆண்டுகளில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை இங்கே குறித்துவைக்க வேண்டும். எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்கா, இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒருநாள் மதியம் சமையலறை வாசலில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னங்க அக்கா?" என்று கேட்டேன்.

"இங்கனதான் சாரு, புடிச்சு இழுக்குது. முதுகு வரைக்கும் போவுது."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. வாயுதான்" என்று சிரித்தபடி, இழுப்பறையிலிருந்து அரை அட்டை மாத்திரையைக் கொடுத்தேன். அதன் பிறகு அவ்வப்போது வந்து கேட்பார், கொடுப்பேன். ஒரே நோயைப் பகிர்ந்துகொண்ட இருவரும் ஒரே அறியாமையையும் பகிர்ந்துகொண்டோம். அறியாமலிருக்க எனக்கு மட்டும் எந்த உரிமையும் இல்லை.

* * *

அந்த இரவு ஐப்பசி மாதத்தில் வந்தது. மழை இரண்டு நாளாக விடவில்லை. இம்முறை வலி இரண்டு மணி நேரத்தில் போகவில்லை. நான்கு மணி நேரம் ஆயிற்று, ஐந்து ஆயிற்று. வாந்தி நின்றபாடில்லை. மாத்திரையும் வாந்தியோடு வந்துவிட்டது. என் மனைவி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பினாள். அவர் மிளகு மூட்டை ஏற்றும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

பின்னிருக்கையில் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு கிடந்தேன். வளைவு வந்தது. உடல் இடப்பக்கம் சாய்ந்தது, உள்ளே இருந்த அம்பு வலப்பக்கம் சாய்ந்தது. அடுத்த வளைவில் எல்லாம் மாறிச் சாய்ந்தன. எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கொண்டிருந்தால் ஒரு முடிவு இருக்கிறது என்ற ஆறுதல். நாற்பதாவது வளைவில் ஒரு லாரி எதிரே வர, எங்கள் வண்டி பின்னோக்கி வந்து ஒதுங்கி நின்றது. மழை கண்ணாடியில் அடிக்கும் ஓசையைத் தவிர வேறு ஓசையில்லை. சாலை இல்லாத காலத்தில் இந்த மலையில் நோயாளிகளைத் தொட்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார்களாம். அவர்களுக்கு எண்ணுவதற்கு வளைவுகள்கூட இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே மருத்துவமனையில் ஊசி போட்ட அரை மணி நேரத்தில் உலகம் தன் இடத்துக்குத் திரும்பியது. காலையில் வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், கல் சரியாகத் தெரியாது என்பதால்தான் வெறும் வயிறு. திரையில் ஒரு கரிய பை, அதன் அடியில் வெள்ளையாக மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நிழல். அறுவை மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எத்தனை நாளா வலி?"

"இரண்டு வருஷமா, டாக்டர்."

"என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னேன். என்ன பாடம் என்றும் கேட்டார். அதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அது எனக்குச் சிரித்ததைவிடக் கடினமாக இருந்தது.

* * *

கோடை விடுமுறை வரை தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். அடுத்த முறை கல் பித்தநாளத்துக்குள் இறங்கினால் மஞ்சள் காமாலை வரலாம், கணையம் வீங்கலாம், அது உயிருக்கே ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னார். மூன்று வாரம் கழித்து நாள் குறிக்கப்பட்டது. அதுவரை எண்ணெய், நெய், தேங்காய், கறி, முட்டையின் மஞ்சள் கரு எல்லாவற்றுக்கும் விடை கொடுக்க வேண்டும்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடக் கூடாதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி, நானும் கேட்டேன். கல் இருப்பது நோயின் விளைவு, கல்லை உண்டாக்கும் பைதான் நோயின் வீடு என்றார் மருத்துவர். இந்த எண்ணம் பழையது. 1882ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்ற மருத்துவர் முதன்முதலாக ஒரு மனிதரின் பித்தப்பையை முழுவதுமாக வெட்டி எடுத்தார். நோயாளி பிழைத்துக்கொண்டார். அதன் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல், விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்துத்தான் இதைச் செய்தார்கள். 1985இல் எரிக் மூயே என்ற ஜெர்மானியர் சிறு துளைகள் வழியே குழாய் செலுத்திப் பித்தப்பையை எடுத்துக் காட்டியபோது அவருடைய நாட்டு அறுவை மருத்துவர்களே அதை ஏற்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் அவரைக் கௌரவித்தார்கள். இந்தியாவில் 1990இல் மும்பையில் தெஹம்தன் உத்வாடியா இந்த முறையைத் தொடங்கிவைத்தார். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது அச்சத்தைப் போக்குவதற்காக. ஓரளவுக்குப் போகவும் செய்தது.

அந்த மூன்று வாரங்களில் படித்தவற்றுள் என்னை நிலைகுலைய வைத்தது வேறொரு கதை. அதற்காகத் தொலைவில் போகவேண்டியிருக்கவில்லை. எங்கள் மலையிலேயே தொடங்கும் கதை அது.

1913இல் ஜெசி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் கொல்லிமலையில் வந்து குடியேறினார்கள். ஜெசி சமயப் பணிக்காக வந்தவர். ஆனால் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, பல் பிடுங்குவது, வீடு கட்டக் கற்றுக்கொடுப்பது என்று எல்லாவற்றையும் செய்தார். 1929இல் காய்ச்சலில் இறந்தார். எவ்லின் முதுமையில் மறுபடியும் மலைவாழ்வுக்குத் திரும்பி, 1974இல் 95 வயதில் மறையும்வரை இப்பகுதி மக்களிடையே உழைத்தார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914இல் இந்த மலையில் பிறந்தவர். படிப்புக்காக இங்கிலாந்து போய், அறுவை மருத்துவராகி, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது உலகம் நம்பிக்கொண்டிருந்தது. பால் பிராண்ட் அதைக் கூர்ந்து பார்த்தார். தசை தானாக அழுகவில்லை. நோய் நரம்புகளைத் தாக்கி வலியைக் கொன்றுவிடுகிறது. வலி இல்லாதவன் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறான். காலில் ஆணி தைத்தது தெரியாமல் நடக்கிறான். சிறு காயங்கள் ஆறாமல் பெருகி விரல்களைத் தின்றுவிடுகின்றன. கையையும் காலையும் காத்துக்கொண்டிருந்தது வலிதான். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை முறைகளுக்காக அவர் உலகப் புகழ் பெற்றார். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தது இந்த ஒன்றைத்தான்: வலி பகையன்று, கொடை. 1993இல் ஃபிலிப் யான்ஸி என்பவருடன் சேர்ந்து இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 2003இல் அமெரிக்காவில் காலமானார்.

அந்த நூலில் அவர் விவரிக்கும் ஒரு முயற்சிதான் என்னை உலுக்கியது. வலி இழந்தவர்களுக்குச் செயற்கையாக வலியை உண்டாக்கிக் கொடுக்க அவரும் பொறியாளர்களும் பல ஆண்டுகள் உழைத்தார்கள். கையுறையில் அழுத்தத்தை உணரும் கருவிகளைப் பொருத்தி, எல்லை மீறினால் ஒலியோ மின் அதிர்ச்சியோ எச்சரிக்கும்படி செய்தார்கள். கருவி வேலை செய்தது. மனிதர்கள்தான் வேலை செய்யவில்லை. எச்சரிக்கை வரும் நேரத்தில், கையிலிருந்த வேலையை முடிப்பதற்காக அவர்கள் கருவியை அணைத்துவிட்டார்கள். அணைக்க முடியாததாக இருப்பதுதான் உண்மையான வலியின் அருமை என்ற முடிவுக்கு அவர் வந்துசேர்ந்தார்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தேன். அட்டை அட்டையாக மாத்திரைகள் கிடந்தன. என்னுடைய வலி நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. இடத்தைக் காட்டியது, நேரத்தைக் காட்டியது, எதைத் தின்றதால் வந்தேன் என்பதையும் சொன்னது. அணைப்பதற்கான பொத்தான் ஒன்றை நான்தான் தேடிப் பிடித்து வைத்திருந்தேன்.

* * *

அறுவைக்கு முந்தைய நாள் ரத்தம், சிறுநீர், ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே எல்லாம் ஆயிற்று. மூன்று பந்துகள் உள்ள ஒரு சிறிய பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, மூச்சை உள்ளிழுத்துப் பந்துகளை உயர்த்தப் பழகச் சொன்னார்கள். அறுவைக்குப் பிறகு நுரையீரலில் சளி தங்காமலிருக்க அது உதவும். நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் உண்ணக்கூடாது. ஒப்புதல் படிவத்தை வரிவரியாகப் படித்தேன். பித்தநாளத்தில் காயம் ஏற்படலாம், ரத்தப்போக்கு ஏற்படலாம், தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்க நேரலாம். கையெழுத்துப் போட்ட பிறகு, வங்கிக் கணக்கு விவரங்களை எழுதிய தாளை மனைவியிடம் நீட்டினேன். அவள் அதைப் பிரித்தும் பார்க்காமல் நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "திரும்பி வந்து நீங்களே பாத்துக்கங்க" என்றாள்.

மயக்க மருத்துவர் பேச்சுக் கொடுத்தார். "சாருக்கு என்ன பாடம்?"

"அறிவியல்."

"சீரண மண்டலம் எந்த வகுப்புல வருது?"

பதில் சொன்னேனா என்பது நினைவில்லை.

கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. வயிற்றில் நான்கு இடங்களில் சிறு பஞ்சுக் கட்டுகள். நான்கு துளைகள், அவற்றில் ஒன்றின் வழியே ஒரு பை வெளியேறிவிட்டது. ஓரியின் வேட்டையைத் திருப்பிப்போட்டதைப் போல. ஆனால் எதிர்பாராத ஒன்று, வலது தோள் விண்ணென்று வலித்தது. பித்தப்பையை எடுத்த பிறகும் பழைய அம்பு போகவில்லையா என்று பயந்துவிட்டேன். வயிற்றுக்குள் இடம் உண்டாக்கக் கரியமில வாயுவை நிரப்புவார்கள், அதன் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துகிறது, உதரவிதானத்துக்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு ஒன்று, அதனால் மூளை அதைத் தோள்வலியாகப் படித்துக்கொள்கிறது, நடந்தால் சரியாகும் என்றார் செவிலியர். ஆக, இரண்டு ஆண்டுகளாகப் பொய்யாகச் சொல்லிவந்த வாயு கடைசியில் உண்மையாகவே வந்து சேர்ந்தது. சிரிப்பு வந்தது. சிரித்தால் துளைகள் வலித்தன.

அன்று மாலையே எழுந்து நடக்கவைத்தார்கள். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் மூன்று கற்கள். மலைவழியில் கிடக்கும் சரளைக்கற்களைவிட அழகற்றவை.

திரும்பும் வழியில் வயிற்றின் மேல் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அது மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த உத்தி. வண்டி குலுங்கும்போதும் இருமும்போதும் தலையணை தாங்கிக்கொள்ளும். வளைவுகளை எண்ணவில்லை. முப்பதைத் தாண்டியதும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. அதன் பின் தூங்கிப்போனேன்.

* * *

மலையில் ஒருவன் நோயிலிருந்து திரும்பினால் ஊரே வந்து பார்க்கும். சாமை அரிசி வந்தது, மலைவாழைத் தார் வந்தது, முடவாட்டுக்கால் கிழங்கு வந்தது. ஆகாய கங்கைக்குப் போகும் வழியில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சூப்பாக விற்பார்களே, அதே கிழங்குதான். ஒரு முதியவர் கட்டிலருகே உட்கார்ந்து நெடுநேரம் யோசித்துவிட்டு, "சாமி குடுத்த பையி. அது இல்லாம எப்புடி சாரு செரிக்கும்?" என்று கேட்டார். கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும், சேர்த்துவைக்கும் பானை இல்லாததால் சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்குப் போய்விடும், அவ்வளவுதான் என்றேன். "அப்ப அன்னாடங்காச்சி மாதிரின்னு சொல்லுங்க" என்றார். அதைவிட நன்றாக எந்தப் பாடநூலும் விளக்கியதில்லை.

முதல் வாரம் கஞ்சியும் ரசமும். இரண்டாம் வாரம் சாமைச் சோறும் வேகவைத்த காயும். ஒரு நாள் ஆசைப்பட்டு ஒரு வடை தின்றேன், குடல் உடனே தன் கண்டனத்தைத் தெரிவித்தது. எடை தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் தண்ணீர்க் குடம்கூட மனைவிதான் தூக்கினாள். தினமும் காலையில் மிளகுக்கொடி படர்ந்த மரங்களின் கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடந்தேன்.

மூன்றாம் வாரத்தில் சத்துணவு அக்கா வந்தார். ஒரு தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழ். நலம் விசாரித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் சற்றே குனிந்து, விலாவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். என் கை எங்கே போகுமோ அதே இடத்தில்.

"அக்கா, இன்னும் அந்த வலி இருக்குதா?"

"அது எங்க சாரு போவும். நீங்கதான் மாத்திரை குடுப்பீங்களே, இப்ப ஒரு மாசமா இல்ல."

வெளிச்சத்துக்கு வரச்சொல்லி அவர் கண்களைப் பார்த்தேன். வெண்விழி மஞ்சளாக இருந்தது.

அவரைக் கீழே அழைத்துப்போவது எளிதாக இல்லை. யார் சமைப்பார்கள், பிள்ளைகள் பசியோடு இருக்குமே என்றார். கத்தி வைத்தால் பிழைப்பேனா என்றார். கடைசியில், "கீழ எறக்குனவங்க திரும்பி வந்ததில்லன்னு எங்கம்மா சொல்லும்" என்று தன் உண்மையான அச்சத்தைச் சொன்னார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சட்டையைத் தூக்கி நான்கு தழும்புகளையும் காட்டினேன். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார்.

மறுநாள் நாங்கள் மூவரும் இறங்கினோம். அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். அவருடைய பித்தப்பையில் கடுகும் மிளகுமாக எண்ணற்ற கற்கள், ஒன்று நாளத்துக்குள் இறங்கியிருந்தது. சிறிய கற்கள்தாம் பெரியவற்றைவிட ஆபத்தானவை, எளிதில் நழுவி இறங்கிவிடும் என்று இளம் மருத்துவர் என்னிடம் சொன்னார். பிறகு அக்காவிடம் திரும்பி, "எத்தனை நாளாம்மா வலி?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசம் இருக்குமுங்க. இந்தச் சாருதான் மாத்திரை குடுத்து உசுரக் காப்பாத்தி வச்சிருக்காரு."

அவர் என்னைப் புகழ்ந்துதான் சொன்னார். அந்தச் சொற்களில் துளியும் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தான் அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. என் வலியை அணைத்துவைத்தது என் பாடு. இன்னொருவரின் வலியையும் சேர்த்து அணைக்கும் அதிகாரத்தை, படித்தவன் என்ற ஒரே காரணத்தால், அவர் எனக்குக் கொடுத்திருந்தார். நான் அதைச் சிரித்துக்கொண்டே பயன்படுத்தியிருந்தேன்.

வாய்வழியே குழாய் செலுத்தி முதலில் நாளத்திலிருந்த கல்லை எடுத்தார்கள். காமாலை இறங்கிய பிறகு பித்தப்பையை எடுத்தார்கள். இரண்டுக்கும் இடையில் காய்ச்சல் வந்து நான்கு நாள் எங்களை நடுங்கவைத்தது. அந்த நான்கு இரவுகளும் மருத்துவமனை வராந்தாவில் அவர் மகனோடு உட்கார்ந்திருந்தேன். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வோர் இரவும் நினைத்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டபோதுதான் சொல்ல முடிந்தது. அவன் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "டீ குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டான்.

அக்கா இப்போது மறுபடியும் சமைக்கிறார். பெரிய அண்டாவை இறக்கும்போது மட்டும் உதவிக்கு ஆள் கூப்பிடுகிறார். என் மேசை இழுப்பறையில் மாத்திரைகள் இல்லை. மூன்று கற்கள் இருந்த குப்பியை அறிவியல் ஆய்வகத்தில், தவளைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "சார், வயிறு வலிக்குது" என்றான். முன்பெல்லாம் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியும். சுண்ணாம்புக் கட்டியை வைத்துவிட்டு அவனருகே போனேன். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, என்ன சாப்பிட்டாய், வலி வேறெங்காவது போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்றாவது கேள்விக்கு அவன் தலைகுனிந்தான். நேற்று மதியம் பள்ளியில் சாப்பிட்டதோடு சரி.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு அழைத்துப்போனேன். உலையில் அரிசி இன்னும் கொதிக்கவில்லை. அக்கா அவன் முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல், தனக்காக வைத்திருந்த கூழை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.